கல் நிழலில் ஒரு பகல்

கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. உயரத்தில் எங்கோ இருந்த பறவைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. கூட்டமாக வரவில்லை. இங்கே ஒன்று, கூப்பிடு தூரத்தில் இன்னொன்று. இறங்கும்போது குரல் எழுப்புவதில்லை. தரையைத் தொட்டதும் ஒரு கணம் உறைந்து நின்று, சிறகை ஒருமுறை உதறி மடித்துக்கொள்கின்றன. வருகை அவ்வளவுதான்.

இடம் மொரித்தானியா நாட்டின் ஆத்ரார் மேட்டுநிலம். காலம் செப்டம்பர். வாதான் என்ற பழைய ஊர் குன்றின் சரிவில் கல் வீடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டகச் சாத்துகள் நூற்றாண்டுக்கணக்கில் தங்கிப்போன ஊர். அதன் காலடியில் பேரீச்சந்தோப்பு. தோப்பைத் தாண்டிவிட்டால் எந்தத் திசையில் நடந்தாலும் கல். சகாரா என்றதும் மனத்தில் எழும் மணல்மேடுகள் அந்தப் பாலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது: வெயிலில் கறுத்த கற்கள், நடுவே சரளை, எப்போதோ ஓடிய நீரின் தடம், அந்தத் தடத்தில் ஒன்றிரண்டு வேலமரங்கள்.

முழங்கால் உயரமுள்ள ஒரு பாறைத்துண்டின் மேற்குப் பக்கத்தில் குருவி ஒன்று ஒண்டிக்கொண்டிருக்கிறது. தோட்டக் கதிர்க்குருவி. அடையாளம் சொல்ல எதுவுமில்லாத உருவம். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளிர், பட்டையில்லை, கொண்டையில்லை, பளபளப்பில்லை. ஐரோப்பாவின் புதர்க்காடுகளில் இது இருப்பதைப் பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இடைவிடாமல் உருண்டோடும் அருமையான பாட்டு. இங்கே பாடாது. ஜூன் மாதத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சாக இருக்கலாம். அப்படியென்றால் இதற்கு முன் பாலையைப் பார்த்ததில்லை. வழிகாட்டத் தாயும் தந்தையும் கூட வரவில்லை. இந்தக் குருவிகள் இரவில், தனித்தனியே பயணம் போகிறவை.

சூரியன் ஏறுகிறது. பாறையின் நிழல் மேற்கே நீண்டு கிடக்கிறது. குருவி அதன் நடுவில், பாறையை ஒட்டி, மார்பு தரையில் படும்படி தணிந்து இருக்கிறது. ஓர் எறும்பு அதன் அலகுக்கு ஒரு சாண் தூரத்தில் ஊர்ந்து போகிறது. குருவி பார்க்கிறது. கொத்தவில்லை.

பசியில்லாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டை எல்லாம் முடித்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறது. சாதாரண நாளில் 16 முதல் 18 கிராம் வரை எடையுள்ள இந்தப் பறவை, மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் பூச்சியை விட்டுப் பழத்துக்கு மாறுகிறது. அத்திப்பழம் கனியும் பருவம் அது. சில வாரங்களில் உடம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகி, 30 கிராமைத் தொடும் பறவைகளும் உண்டு. ஏறியதில் பெரும்பங்கு கொழுப்பு. தோலுக்கடியில், தொண்டைக்குழியில், வயிற்றைச் சுற்றி மஞ்சளாகப் படிந்திருக்கும். வலையில் பிடித்து வளையமிடும் ஆய்வாளர்கள் வயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்த்தாலே தெரியும். ஒரு கிராம் கொழுப்பு எரியும்போது ஏறத்தாழ 39 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கிறது. கூடவே ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான நீரும் உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. மொராக்கோவின் தென்கோடி மலைகளைத் தாண்டிய பிறகு இந்தக் குருவி ஒரு சொட்டும் குடித்திருக்காது. அதன் கிணறு அதன் தோலுக்கடியில் இருக்கிறது.

பத்து மணி. நிழல் பாதியாகச் சுருங்கிவிட்டது. சரளைக்கற்கள் கையில் எடுக்க முடியாத சூட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் பாறையின் அடி, இரவிலிருந்து வெயில் காணாத மண், இன்னும் குளிர்ச்சியை விடவில்லை. குருவி அந்தக் கையகல மண்ணைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. பாறைக்கும் தரைக்கும் இடையிலான மடிப்பில் வயிறு பதிந்திருக்கிறது.

அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதில்லை. கண் ஏதாவது நடக்கட்டும் என்று ஏங்குகிறது. நெடுநேரம் பார்த்தால், ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் இடத்தில் எவ்வளவோ நடப்பது தெரியத் தொடங்கும். அலகு ஒரு மயிரிழை திறக்கிறது. தொண்டைத் தோல் துடிக்கிறது. சிறகுகள் உடம்பிலிருந்து சற்றே விலகி, இடுக்கில் காற்றுக்கு வழிவிடுகின்றன. கண்ணின் உள்ளிமை பால்நிறத்தில் குறுக்கே ஓடித் திரும்புகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை தலை மட்டும் சாய்ந்து, ஒற்றைக் கண் வானத்தை அளக்கிறது. வல்லூறு ஒன்று பகலில் ஒரு தடவையாவது இந்த வெளியைச் சுற்றிப்போகும். வடக்கே, மொராக்கோவின் எஸ்ஸாவிரா கடற்கரைக்கு எதிரேயுள்ள தீவுகளில் எலியனோரா வல்லூறுகள் கோடையின் கடைசியில்தான் குஞ்சு பொரிக்கின்றன. இப்படிக் கடந்துபோகும் சிறு பறவைகள்தான் அந்தக் குஞ்சுகளுக்கு உணவு. அந்த வானத்தையும் தாண்டித்தான் இது வந்திருக்கிறது.

நண்பகல். நிழலில் காற்று 40 பாகை. மனித உடம்பைவிட அதிகச் சூடு. பறவையின் உடம்போ 41, 42 பாகையில் இயல்பாக இருப்பது. அந்த ஒன்றிரண்டு பாகைதான் அதற்கு மிச்சமிருக்கும் இடைவெளி. காற்று அதையும் தாண்டிவிட்டால் உடம்பு சூட்டை வெளியேற்ற ஒரே வழி நீரை ஆவியாக்குவது. ஒரு தடவை பதறிப் பறந்தால்கூட அந்தக் கணக்கு குலைந்துவிடும். அதனால்தான் பார்ப்பவர் பாறையிலிருந்து எட்டி உட்கார வேண்டியிருக்கிறது. இன்னும் ஓர் அடி நெருங்கினால் இறகின் விளிம்பு தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவுக்கு விலையாகக் குருவி நிழலை விட்டு எழும்பி, வெயிலில் அடுத்த கல்லைத் தேடி அலையும். அந்த விலையைக் கேட்க நமக்கு உரிமையில்லை. தொலைநோக்கியை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பார்ப்பது போதும்.

சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. நிழல் பாறையின் வடக்குப் பக்கத்துக்கு வந்து ஒரு சாணாக ஒடுங்கிவிட்டது. குருவி எப்போது இடம் மாறியது? பார்த்துக்கொண்டே இருந்தும் மாறிய கணம் பிடிபடவில்லை. காலை முதல் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நிழலோடு நிழலாக நகர்ந்து, பாறையை மேற்கிலிருந்து வடக்குக்குச் சுற்றி வந்திருக்கிறது. பிற்பகலில் கிழக்குப் பக்கம் போய்ச் சேரும். இன்றைய பகலில் அதன் தரைப்பயணம் ஒரு முழமோ இரண்டு முழமோ.

இப்படியொரு பகல் பாலையில் நடக்கிறது என்பதையே நெடுங்காலம் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1920களில் எகிப்தில் வேலை பார்த்த ரெஜினால்ட் மோரோ என்ற ஆங்கிலேயர், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ 500 கோடிப் பறவைகள் சகாராவைக் கடக்கின்றன என்று மதிப்பிட்டார். பிற்கால மதிப்பீடுகள் அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தன. சிறு பறவைகள் கடலையும் பாலையையும் ஒரே மூச்சில், 40 முதல் 60 மணி நேரம் விடாமல் பறந்து கடக்கின்றன என்பது அவர் முடிவு. நிழலும் நீரும் இல்லாத இடத்தில் எதற்காக இறங்கப் போகின்றன? கேள்வி நியாயமாகவே பட்டது. பாலையில் கல்லோரம் கண்ட குருவிகளை எல்லாம் களைத்து விழுந்தவை, சாகப்போகிறவை என்று எண்ணிக் கடந்துபோனார்கள்.

1980களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஃப்ரான்ஸ் பைர்லைனும் ஹெர்பர்ட் பீபாஹும் தனித்தனியே பாலைக்குள் போய் இந்தக் குருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். பீபாஹ் பார்த்தது எகிப்தின் பாலையில். கல் நிழலில் அசையாமல் இருந்தவை கொழுத்த பறவைகள். அடுத்த மாலையே கிளம்பிப் போய்விட்டன. மெலிந்தவைதான் சோலையைத் தேடி, செடிகளுக்குள் இரை பொறுக்கிக்கொண்டு சில நாள் தங்கின. பசுமையை நாடாமல் வெறும் கல்லைத் தேர்ந்தது வலுவின் அடையாளம் என்று தெரிந்தது.

அதற்குப் பின் 2003, 2004 ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தின் செம்பாஹ் பறவையியல் நிலையத்தார் வாதானுக்கு ஒரு ரேடாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விமானங்களைக் குறிவைக்க ராணுவம் வைத்திருந்த பழைய வகைக் கருவி அது. இருட்டில், மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், கைக்கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உயிர் கடந்துபோவதை அது பிடித்தது. பாடும் பறவைகள் சிறகை அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்துப் பறப்பவை. உள்ளான்கள் விடாமல் அடிப்பவை. ரேடாரில் திரும்பிவரும் அலையின் துடிப்பிலேயே அந்த வேறுபாடு தெரியும். புள்ளிகளை எண்ணினார்கள். பாடும் பறவைகளின் பயணத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இரவில் நடந்தது. விடிந்ததும் வானம் காலியானது. பறந்தவை எல்லாம் எங்கே போயிருக்கும்? இறங்கி, கல்லோரம் உட்கார்ந்திருந்தன. 2007-ல் ஹைகோ ஷ்மால்யோஹன், ஃபெலிக்ஸ் லீஷ்டி, புரூனோ புரூடரர் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே விடாப்பறத்தல் கருதுகோளை மறுக்கிறது, ஓர் ஆச்சரியக்குறியோடு. அந்த ஆச்சரியக்குறி எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை இரவுகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களின் மகிழ்ச்சி அது.

ஆனால் எல்லாப் பறவையும் உட்காருவதில்லை. இயற்கை ஒரே விடையோடு நிறைவடைவதே இல்லை. பெரிய நாணல் கதிர்க்குருவி இரவில் போகும் பறவைதான். கடலும் பாலையும் குறுக்கிடும்போது மட்டும் விடிந்த பிறகும் பறக்கிறது, சில வேளை 30 மணி நேரத்துக்கும் மேலாக. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், மிக இலேசான பதிவுக்கருவியை அதன் முதுகில் கட்டியனுப்பி, மறு ஆண்டு திரும்பி வந்தவற்றிடமிருந்து மீட்டெடுத்தார்கள். 2021-ல் வெளியான முடிவு நம்பக் கடினமானது. இரவில் சராசரியாக 2,400 மீட்டர் உயரத்தில் பறக்கும் குருவி, விடியும்போது ஏறத் தொடங்கிப் பகலில் 5,400 மீட்டருக்குப் போகிறது. 6,000 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. அந்தி சாய்ந்ததும் மறுபடி இறங்கிவிடுகிறது. அங்கே மேலே காற்று உறைநிலைக்கும் கீழே. வெயில் முதுகில் சுட, சிறகடிக்கும் தசை உள்ளே சுட, குளிர் தேடி மேலே போகிறது என்பதுதான் இதுவரை சொல்லப்படும் காரணங்களில் வலுவானது. கல்லில்லாத இடத்தில் உயரம்தான் அதற்கு நிழல்.

கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் ஒன்றின் கதையும் இப்படித்தான். நெதர்லாந்தில் அதன்மேல் பொருத்திய கருவி வெளிச்சத்தை மட்டும் குறித்துக்கொள்வது. மரத்தடியில் அமர்ந்தால் பதிவில் வெளிச்சம் மங்கும், இலை ஆடினால் அதுவும் ஆடும். சகாராவைக் கடந்த பகலில் மங்கலே இல்லை. காலை முதல் மாலை வரை தட்டையாக முழு வெயில். அந்தப் பறவை அன்று எந்த நிழலிலும் உட்காரவில்லை என்று அந்தக் கோடு சொன்னது. தகைவிலான் வேறு வகை. பகலில், தாழ்வாக, பறந்தபடியே பூச்சியைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தக் கல்வெளியின் மீதும் முற்பகலில் நாலைந்து தகைவிலான்கள் தெற்கு நோக்கிச் சென்றன. பாறையடியில் இருந்த குருவி தலையைக்கூடத் தூக்கவில்லை.

நான்கு மணிக்கு மேல் நிழல் கிழக்கே நீளத் தொடங்குகிறது. குருவி முதன்முறையாக எழுந்து நிற்கிறது. ஒரு காலை நீட்டி, அதே பக்கத்துச் சிறகை அதன்மேல் விரித்து, மடக்குகிறது. பிறகு மறுபக்கம். அலகால் சிறகின் நீள இறகுகளை ஒவ்வொன்றாக வேரிலிருந்து நுனிவரை கோதிவிடுகிறது. நேற்றைய இரவில் பிரிந்துபோன இறகுநரம்புகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எந்த அவசரமும் இல்லை. பாறையின் உச்சிக்குத் தாவி ஏறுகிறது. சூரியன் அடிவானத்தைத் தொடும்வரை அங்கேயே நிற்கிறது, மேற்கைப் பார்த்து.

பார்ப்பது அழகுக்காக இருக்காது. மறையும் சூரியன் இருக்கும் இடம், அதற்குமேல் வானில் ஒளியின் போக்கு, பிறகு தோன்றும் விண்மீன்களின் சுழற்சி, நிலக்காந்தத்தின் சாய்வு, இவையெல்லாம் இரவுப் பறவைக்குத் திசை சொல்பவை. எந்தத் திசையில் எத்தனை காலம் போகவேண்டும் என்பதோ பிறக்கும்போதே உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னரும் வொல்ஃப்காங் வில்ச்கோவும் இதே தோட்டக் கதிர்க்குருவிகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வலசைக் காலம் வந்ததும் அவை இரவில் தூங்காமல் கூண்டுக்குள் தத்தின. ஆகஸ்ட், செப்டம்பரில் தென்மேற்குப் பக்கமாகத் தத்தின. அக்டோபருக்குப் பின் தென்கிழக்கை நோக்கித் திரும்பின. வெளியே இருந்திருந்தால் ஸ்பெயினை அடைந்திருக்கும் காலத்திலும், அதற்கு அப்பால் ஆப்பிரிக்காவுக்குள் திரும்பவேண்டிய காலத்திலும், கூண்டின் அந்தந்தப் பக்கத்துக் கம்பியில் வந்து நின்றன. ஒரு வெளியும் காணாத பறவை தன் உடம்புக்குள் ஒரு கண்டத்தைக் கடந்துகொண்டிருந்தது. 1978-ல் வெளியான அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் வியப்பைவிட அந்தப் பறவைகள்மீது இரக்கமே மேலெழுகிறது.

இருட்டிவிட்டது. பாறையின் உச்சியில் இருந்த கருமை ஒருமுறை தணிந்து எழும்புகிறது. இப்போது அங்கே பாறை மட்டும். எங்கெங்கோ மற்றக் கற்களிலிருந்தும் எழும்பியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரேடார் திரையில் மட்டும், அந்தி மறைந்த அரைமணிக்குள், புள்ளிகள் அடர்ந்துகொண்டே போகும்.

எந்த உயரத்தில் பறப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் இனி அதன் வேலை. இந்தப் பருவத்தில் வடகிழக்குக் காற்று தாழ்வாக, தரையிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் வீசுகிறது. அது போகும் பக்கத்துக்கே தள்ளிவிடும் காற்று. ஆனால் நள்ளிரவிலும் 30 பாகைச் சூடு, ஈரமே இல்லை. இன்னும் மேலே போனால் குளிரும் சற்று ஈரமும் உண்டு, காற்று துணை வராது. உடம்பில் நீர் வற்றிவிடும் என்பதால் பறவைகள் மேலேதான் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வாதான் ரேடார் வேறு கதை சொன்னது: பெரும்பாலானவை சூட்டைப் பொறுத்துக்கொண்டு கீழேயே, காற்றோடு போயின. சொந்த வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், பின்காற்றோடு 55, 60. ஒரே இரவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இளவேனிலில் திரும்பும்போது இதே காற்று முகத்தில் அடிக்கும். அப்போதுதான் அவை உயர ஏறி, மேலே எதிர்த்திசையில் ஓடும் காற்றைத் தேடிப் பிடிக்கின்றன.

சூட்டுக்கும் வறட்சிக்கும் ஈடு உடம்பிலிருந்தே போகிறது. கொழுப்பு மட்டும் எரிவதில்லை. கனடாவில் காற்றுச்சுரங்கத்துக்குள் பாடும் பறவையினமான த்ரஷ் ஒன்றைப் பறக்கவிட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: உலர்ந்த காற்றில் பறந்தவை ஈரக்காற்றில் பறந்தவற்றைவிட அதிகமாகத் தங்கள் தசையையும் உள்ளுறுப்பையும் கரைத்தன. தசை கரையும்போது அதில் கட்டுண்டிருந்த நீர் விடுபடுகிறது. தோட்டக் கதிர்க்குருவியிலும் பாலையைக் கடக்கும்போது குடலும் ஈரலும் சுருங்குகின்றன, மார்புத் தசை மெலிகிறது. காலையில் எறும்பை அது தொடாமல் விட்டதன் இன்னொரு காரணம் இதில் இருக்கக்கூடும். செரிக்கும் உறுப்பே அரைகுறையாகச் சுருங்கியிருக்கிறது.

வாதானிலிருந்து ஓர் இரவு தெற்கே பறந்தால் செனகல் ஆறு. கல் முடிந்து, புல்லும் முள்மரமுமான சாகேல் நிலம் தொடங்குகிறது. செப்டம்பரில் மழை பெய்து முடிந்திருக்கும், பூச்சி நிறைந்திருக்கும். ஆனாலும் வந்து சேர்ந்த குருவியால் உடனே வயிறாரத் தின்ன முடியாது. குடல் மறுபடி வளர இரண்டொரு நாள் வேண்டும். பிறகு எடை ஏறும், பிறகு இன்னும் தெற்கே, மழைக்காட்டின் விளிம்புவரை போகும்.

திரும்பும் காலம் கடினமானது. மார்ச், ஏப்ரலில் சாகேலில் மழை நின்று மாதங்கள் ஆகியிருக்கும். புல் காய்ந்து, நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த நேரத்தில் அங்கே பழுப்பது உகா மரம். பல்குச்சிக்குப் பேர்போன மிஸ்வாக் மரம் அதுதான். நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களிலும் வளர்வது, சங்கப்பாட்டின் பாலைநிலத்திலும் நிற்பது. மிளகைவிடச் சற்றே பெரிய அதன் கனிகளைத் தின்று கதிர்க்குருவிகள் கொழுப்பேற்றிக்கொள்கின்றன. பாலையைக் கடக்க அவற்றுக்கு அதன் நடுவில் ஒன்றும் தேவையில்லை, ஒரு கல் போதும். தேவையெல்லாம் இரண்டு விளிம்புகளிலும் இருக்கிறது: வடக்கே அத்தி, தெற்கே உகா, ஆற்றுவெள்ளம் பரவும் தாழ்நிலம். செனகல் ஆற்று வடிநிலத்தில் 1980களில் டியாமா, மனந்தாலி என்ற இரண்டு அணைகள் எழுந்தபின் அந்த வெள்ளநிலம் பெரிதும் சுருங்கிவிட்டது. சாகேலில் விறகுக்கும் விளைநிலத்துக்கும் முள்மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வெட்டுகிறவர்களும் வறுமையில் உழல்பவர்களே.

விளிம்பு உடைந்தால் என்ன ஆகும் என்பது ஒருமுறை தெரிந்தது. 1968-ல் சாகேலில் மழை பொய்த்தது. 1969 இளவேனிலில் பிரிட்டனின் வேலிப்புதர்களில் வெண்தொண்டைக் கதிர்க்குருவிகளைக் காணோம். முந்தைய ஆண்டு கூடு கட்டியவற்றில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு திரும்பவில்லை. பூச்சிமருந்தா, புதர்களை வெட்டியதா என்று அங்கேயே தேடினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1974-ல்தான், காரணம் பாலைக்குத் தெற்கே பெய்யாத மழை என்று கண்டு எழுதினார்கள்.